மூட்டைக் காய்ப்பு

சிம்மக்கல் அரிசி மண்டியில் மூட்டை தூக்கும் சுருளிக்கு விரல் முட்டியிலும் குதிகாலுக்கு மேலேயும் கொட்டைப்பாக்கு அளவில் கட்டிகள் இருந்தன. அவன் அய்யாவுக்கும் இருந்தது. அண்ணன் காளைக்கும் இருந்தது. "மூட்டைக் காய்ப்புடா. இது இல்லாதவன் லோடுமேனே இல்ல" என்று சுருளி காட்டிக் காட்டிப் பீற்றிக்கொள்வான். அய்யா நாற்பதிலும் காளை முப்பத்தெட்டிலும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது, பாரம் தின்றுவிட்டது என்றுதான் ஊர் சொன்னது.

2005 ஆடியில், ஒன்பதாவது படிக்கும் மகள் தாமரைச்செல்வி, ஷூ அறுக்கிறதென்று காலை நீட்டினாள். குதிகாலுக்கு மேலே அதே கட்டி. அவள் தண்ணீர்க் குடத்தைத் தவிர எதையும் தூக்கியவள் இல்லை. சுருளி அன்றைக்கே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான்.

ரத்தம் சோதித்ததில், இருநூறுக்குள் இருக்க வேண்டிய கொழுப்பு இருவருக்குமே முந்நூறைத் தாண்டியிருந்தது.

"இந்தக் கட்டி மூட்டையால வந்தது இல்ல, கொழுப்பு. பிறவியிலயே வர்றது. உங்க அப்பாகிட்ட இருந்து உங்களுக்கு, உங்ககிட்ட இருந்து இவளுக்கு" என்றார் டாக்டர் ஹம்சவேணி. "ரத்தக்குழாய்ல படிய ஆரம்பிச்சிருச்சான்னு கழுத்துல ஸ்கேன் பண்ணிப் பாத்துருவோம்."

"நெஞ்சு நோவுக்குக் கழுத்துல என்னம்மா?"

"அங்க குழாய் தோலுக்குப் பக்கத்துலயே ஓடுது. அதோட சுவர் தடிச்சிருந்தா நெஞ்சுலயும் ஆரம்பிச்சிருக்கலாம்."

முதலில் அவனைப் படுக்கவைத்துப் பார்த்தார். "தடிச்சிருக்கு. ஒரு இடத்துல மேடு கட்டியிருக்கு. அடைப்பு இல்ல."

"என்னைய விடுங்க. பிள்ளையப் பாருங்க."

தாமரை நெளிந்தாள். "கூசுதுப்பா."

"ஆடாமப் படுத்துக் கெட."

டாக்டர் அளந்தார். மறுபடியும் அளந்தார். நூறு கிலோ மூட்டையோடு லாரிப் பலகையில் ஏறுகிறவன் ஸ்கேன் திரையை எட்டி எட்டிப் பார்த்தான்.

"ஏம்மா இம்புட்டு நேரம்?"

"ரெண்டு பக்கமும் பாக்கணும்ல? சுத்தமா இருக்கு. சுவர் மெல்லிசு. நீங்களே பாருங்க."

கறுப்பாக ஒரு பாதை. அதன் ஓரத்தில் பென்சிலால் இழுத்ததுபோல மெல்லிய கோடு, கோணல் இல்லாமல்.

"மாத்திரைய விடாமப் போட்டா இதக் காப்பாத்திக்கலாம். உங்களுதும் கூடாமப் பாத்துக்கலாம். ஒருநா கூட நிறுத்தக் கூடாது."

"எங்க வீட்ல ஆள் விழுந்த பெறகுதாம்மா தெரியும். இப்பத்தான் முன்னாடியே கண்ணால பாக்குறோம்!" சுருளி போட்ட சத்தத்தில் வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"கத்தாதப்பா, மானம் போகுது."

"போகட்டும் தாயி, உசுரு நிக்கிதுல்ல!"

டாக்டர் சிரித்துவிட்டுக் கேட்டார்: "உங்க அண்ணனுக்குப் பிள்ளைங்க இருக்காங்களா? அவங்களையும் சோதிக்கணும்."

"ரெண்டு பயலுக இருக்கானுகம்மா" என்ற சுருளி அப்போதே கிளம்பிவிட்டான்.

மகளை வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டு, மண்டிக்குப் போகாமல் நேரே அலங்காநல்லூர் பஸ்ஸில் தொற்றினான். காளையின் மனைவி ராக்கம்மாள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன கொழுந்தனாரே, இந்த நேரத்துல? லோடு இல்லையா?"

"லோடு கெடக்கட்டும் மதினி. பயலுக ரெண்டு பேத்தையும் சட்டையப் போடச் சொல்லுங்க. இந்தத் தடவ நோவ நம்மதான் முந்திக்கிட்டோம்!"