பொத்தானை மிதித்தால் பேசும் ஓகிள்தோர்ப்

சவானா நகரத்தில் பிப்ரவரி பன்னிரண்டு வந்துவிட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கையில் பிடிக்க முடியாது. ஜார்ஜியாவை நிறுவிய ஜேம்ஸ் ஓகிள்தோர்ப் வந்து இறங்கிய நாள் அது. வெர்லீன் வேலை பார்த்த பள்ளியில் அன்றைக்கு மெழுகுப் பொம்மைக் காட்சி வைப்பார்கள். மெழுகும் கிடையாது, மண்ணாங்கட்டியும் கிடையாது. பிள்ளைகள் வேஷம் கட்டிக்கொண்டு சுவரோரம், தரையில் ஆளுக்கொன்றாய்க் கோடு போட்ட சதுரத்துக்குள் அசையாமல் நிற்க வேண்டும். காலடியில் ஒட்டியிருக்கும் சிவப்புக் காகித வட்டம்தான் பொத்தான். பெற்றோர் அதை மிதித்தால் பொம்மைக்கு உயிர் வரும், மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும், மறுபடி மெழுகாகிவிடும். கேள்வி கேட்டால் பதில் வராது. பொம்மையிடம் யார் பதில் கேட்பார்கள்?

இந்த வருஷம் தலைமையாசிரியர் ஹாஸ்கெலுக்குப் புது யோசனை ஒன்று உதித்தது. ஆசிரியைகளும் பொம்மையாக நிற்கட்டும் என்றார். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுப்பதில் மனிதர் கெட்டிக்காரர். வெர்லீனுக்கு மேரி மஸ்க்ரோவ் வேஷம் விழுந்தது. ஓகிள்தோர்ப்புக்கும் பழங்குடித் தலைவருக்கும் நடுவில் துபாஷியாக நின்ற பெண்.

வெர்லீன் மறுபேச்சுப் பேசவில்லை. பேசுகிற நிலையில் அவள் இல்லை. நவம்பரில் நடந்தது அப்படி. பாடம் நடத்தும்போது ஒரே ஒரு வாக்கியம் வாய்தவறி வந்துவிட்டது: ஆப்பிரிக்காவிலிருந்து ஆட்களைப் பிடித்து விற்ற லண்டன் கம்பெனியில் ஓகிள்தோர்ப் பெரிய பதவியில் இருந்தவர் என்று. மறுநாள் காலையில் திருமதி டின்ஸ்லி வாசலில் நின்றாள்.

"என் பையன் ராத்திரி சாப்பிடவே இல்ல, மிஸ் வெர்லீன். 'ஓகிள்தோர்ப் கெட்டவராம்மா'ன்னு கேட்டுக் கேட்டு அழறான். உங்களுக்கு நல்ல மனசுதான், பாவம். அதுக்காக எட்டு வயசுப் பிள்ளை தலையில இதையெல்லாம் ஏத்தணுமா?"

ஹாஸ்கெல் கதவைச் சாத்திவிட்டு ஒரு தாளை நீட்டினார். ஓகிள்தோர்ப்பைப் பற்றி அங்கீகரித்த பாடத்தைத் தவிர வேறு ஒரு சொல் சொல்லமாட்டேன் என்று அதில் இருந்தது. இன்னொரு புகார் வந்தால் அடுத்த வருஷத்துக்கு ஒப்பந்தம் இல்லை. வெர்லீன் கையெழுத்துப் போட்டாள். போடாமல் என்ன செய்வாள்? அவள் கணவன் ஏமஸுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். அந்த வைத்தியம் முழுக்கப் பள்ளிக்கூடம் கொடுக்கிற காப்பீட்டில்தான் ஓடியது. வேலை போனால் அவனும் போய்விடுவான். இதில் வீரம் பேச என்ன இருக்கிறது?

யாருக்கு யார் வேஷம் என்று சீட்டுக் குலுக்கினார்கள். ஓகிள்தோர்ப் சீட்டு சிப்போராவுக்கு விழுந்தது. துறைமுகத்தில் சரக்குப்பெட்டி இறக்குகிறவரின் மகள், ஒட்டடைக்குச்சி உடம்பு, கறுப்புத் தோல், தலை நிறைய முத்துக் கோத்த பின்னல்கள். வகுப்பே சிரித்தது.

"ஏய், ஓகிள்தோர்ப் பாவாடை கட்டுவாராடி?"

"உங்க தாத்தாவுக்கு நிலம் குடுத்தவரு நான். வாயை மூடுடா!" என்றாள் சிப்போரா. வெர்லீனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அந்தச் சிரிப்பு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்து எல்லாரும் ஓடிய பிறகு சிப்போரா தாளைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"மிஸ், இங்க அடிமைங்களே கூடாதுன்னு இவர் தடை போட்டார்னு இருக்கு."

"ஆமாம்மா."

"அப்ப எங்க ஆளுங்க எப்படி மிஸ் இங்க வந்தாங்க? உங்க ஆளுங்க?"

கதவு திறந்திருந்தது. வராந்தாவில் ஹாஸ்கெலின் பூட்ஸ் சத்தம். வெர்லீனின் பாட்டன் முப்பாட்டன் எல்லாரும் இந்த ஆற்றோர நெல்வயல்களில் சேற்றில் நின்று செத்தவர்கள். அவளுக்கா தெரியாது? சொன்னால் வேலை போகும், சொல்லாவிட்டால் மனசு போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

"அது நம்ம பாடத்துல இல்ல கண்ணு. குடுத்ததை மட்டும் படி."

"உங்களுக்குத் தெரியாதா மிஸ்?"

பூட்ஸ் சத்தம் வாசலில் நின்றது.

"தெரியாது" என்றாள் வெர்லீன்.

பிள்ளை தாளை மடித்துக்கொண்டு போய்விட்டது. அன்று இரவு ஏமஸிடம்கூட அவள் இதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

காட்சி நாளன்று கூடம் நிரம்பி வழிந்தது. ஒரு மூலையில் சர்க்கரை போட்ட தேநீரும் வேகவைத்த கடலையும் வைத்திருந்தார்கள். மான்தோல் மாதிரி தைத்த பழுப்பு உடுப்பில் வெர்லீன் சுவரோரம் நின்றாள். பக்கத்துச் சதுரத்தில் அட்டைத் தொப்பியும் நீலக் கோட்டுமாய் சிப்போரா. ஒரு மணி நேரத்தில் வெர்லீனின் முழங்கால் கழன்றுவிடும் போலிருந்தது. மூக்கு அரித்தது. சொறியக்கூடாது. யார் யாரோ மிதித்தார்கள், அவளும் ஒப்பித்தாள்.

திருமதி டின்ஸ்லி மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே ஹாஸ்கெல், கல்யாண வீட்டு மாமா மாதிரி வாயெல்லாம் பல். அவள் ஓகிள்தோர்ப்பின் பொத்தானை மிதித்தாள்.

"நான் ஜேம்ஸ் ஓகிள்தோர்ப்" என்று தொடங்கியது பொம்மை. "கடனில் சிறைப்பட்டவர்கள்மேல் இரக்கப்பட்டேன். 1733இல் இங்கு வந்தேன். நகரத்தைச் சதுரம் சதுரமாக அமைத்தேன். இங்கே அடிமைகளைத் தடை செய்தோம்."

பாடம் அத்தோடு முடிகிறது. வெர்லீன் மூச்சு விட்டாள். ஆனால் பொம்மை நிற்கவில்லை.

"ஆனா முதல் வீடுங்களுக்கு மரம் அறுக்க கரோலினாவுல இருந்து அடிமைங்களை இரவல் வாங்கினோம். லண்டன்ல ஆளுங்களை விக்கிற கம்பெனிக்கு நான் துணைத் தலைவரா இருந்தேன். அப்புறம் 1751ல அந்தத் தடையும் போச்சு. சிப்போராவோட ஆளுங்க அப்படித்தான் வந்தாங்க. நன்றி."

டின்ஸ்லியின் முகம் சிவந்தது.

"பாத்தீங்களா சார்? அந்தக் கம்பெனி! அதே கதை! இந்தம்மா மூணு மாசம் வாயை மூடிட்டு இருந்துட்டு இப்ப பிள்ளை வாயில வெச்சு ஊதறாங்க!"

ஹாஸ்கெல் வெர்லீன் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். மனிதர் அவ்வளவு கெட்டவர் அல்ல, அதுதான் கொடுமை.

"மிஸ் வெர்லீன், நீங்க சொல்லிக் குடுத்ததா இது? இல்லைன்னா இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேலைக்கு ஒண்ணும் வராம நான் பாத்துக்கறேன். பிள்ளையைக் கூப்பிட்டு நான் விசாரிச்சுக்கறேன்."

இல்லை என்பதுதான் உண்மை. அதைவிடச் சுலபமான உண்மை உலகத்திலேயே கிடையாது. ஆனால் அதைச் சொன்ன மறுநிமிஷம் அத்தனை பெரியவர்களுக்கு நடுவே அந்த ஒட்டடைக்குச்சி தனியாக நிற்கும். சிப்போரா அசையாமல்தான் நின்றாள், கீழுதடு மட்டும் துடித்தது. வெர்லீனுக்கு ஏமஸின் கை நினைவுக்கு வந்தது, ஊசி குத்திக் குத்திக் கன்றிப்போன கை. கடவுளே, என்னை மன்னித்துவிடு என்று நினைத்துக்கொண்டாள்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் சார்" என்றாள்.

சொன்னதும் நெஞ்சு லேசானது. மூன்று மாதத்தில் முதல் தடவையாக நிமிர்ந்து நின்றாள். ஹாஸ்கெல் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இல்ல சார்!"

ஓகிள்தோர்ப் சதுரத்தைத் தாண்டி ஓடிவந்தது. தொப்பி ஒரு பக்கம் உருண்டது.

"மிஸ் என்னைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்றாங்க சார்! அவங்க சொல்லிக் குடுக்கல. நானா நூலகத்துல படிச்சேன். மிஸ்ஸுக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. நான் கேட்டேன், தெரியாதுன்னுதான் சொன்னாங்க. வேணும்னா கேட்டுப் பாருங்க! மிஸ்ஸை வேலையை விட்டுத் தூக்காதீங்க சார்."

ஹாஸ்கெல் வாய்விட்டுச் சிரித்தார். கண்டம் தப்பிய சிரிப்பு. "அன்னிக்கு நானே வாசல்ல நின்னு கேட்டேன், மேடம். தெரியாதுன்னுதான் சொன்னாங்க. நூலகத்துல பிள்ளைங்க படிக்கறதை நாம என்ன பண்ண முடியும், சொல்லுங்க?" டின்ஸ்லி வெர்லீனை மேலும் கீழும் பார்த்தாள். "தெரியாதவங்கதான் பாடம் நடத்தறாங்களாக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு, மகனை இழுத்துக்கொண்டு கடலை இருந்த பக்கம் போனாள்.

"வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட வந்துடுங்க" என்று வெர்லீனின் தோளைத் தட்டிவிட்டு ஹாஸ்கெலும் போனார்.

எனக்குத் தெரியும், எல்லாம் தெரியும் என்று கத்த வேண்டும் போலிருந்தது வெர்லீனுக்கு. வாய் திறக்கவில்லை. ஏமஸ் பிழைத்துவிட்டான். இனி வாயைத் திறந்து என்ன?

சிப்போரா அவள் விரலைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையின் கண்ணில் கோபம் துளிகூட இல்லை, பரிதாபம்தான் இருந்தது.

"வெக்கப்படாதீங்க மிஸ்" என்றாள் மெதுவாக. "அந்தப் புத்தகம் ஒண்ணும் கஷ்டம் இல்ல. திங்கக்கிழமை கொண்டு வரேன். நான் உங்களுக்குச் சொல்லித் தரேன்."

"சரிம்மா" என்றாள் வெர்லீன்.