நன்றாகத் தூங்கியவன்

ஜெபதாஸ் கண் விழித்தபோது தான் எங்கே படுத்திருக்கிறோம் என்றே முதலில் அவனுக்குப் பிடிபடவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலை மறைத்த கறுப்புத் துணியின் ஓரத்தில் சாயங்கால வெயில் ஒரு கோடாய் நின்றது. கட்டிலருகே டாக்டர் அம்ருதவல்லி அவன் கண் திறக்கக் காத்திருந்தாள்.

"நன்னா தூங்கினீங்களா?"

"பொணம் மாரி தூங்கிட்டேம்மா" என்றான். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது.

ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டி பெங்களூர் ரோட்டின் மேல் இருந்தது அந்தத் தொழிற்சாலை. மெட்ராஸிலிருந்து வந்திருந்த டாக்டரம்மாவுக்கு, நைட் ஷிப்ட் பார்க்கிறவன் உடம்பு எப்படித் தேறுகிறது என்பதில் ஆராய்ச்சி. பழைய சாமான் அறையைக் காலி செய்து, கட்டில் போட்டு, ஷிப்ட் முடிந்த சிலரை அங்கேயே தூங்க வைத்தாள். ஜெபதாஸ் அவர்களில் ஒருவன். பக்கத்து மெஷின்காரன் தணிகாசலமும் கேட்டுப் பார்த்தான். வயது கூடிவிட்டது என்று எடுத்துக்கொள்ளவில்லை. "நீயாச்சும் போய் தூங்குடா" என்று சிரித்தான். இருவருக்கும் மண்ணூர்தான். சைக்கிளில் சேர்ந்தே வேலைக்குப் போய், சேர்ந்தே திரும்புகிறவர்கள்.

மண்ணூரில் பகல் தூக்கம் என்பது பேருக்குத்தான். தகரக் கூரை பத்து மணிக்கே கொதிக்க ஆரம்பித்துவிடும். ரைஸ் மில் சத்தம், கோழி, தெருச்சண்டை. போன தவக்காலத்தில் சின்ன மகள் சொம்பைக் கீழே போட்டுவிட்டாள் என்று, தூக்கம் கலைந்து எழுந்தவன் அவளை அடித்த அடியில் காதோரம் கன்றிப் போயிற்று. அடித்த கை யாருடையது என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தான். இப்போது கட்டிலில் தூங்கி எழுந்து வீட்டுக்குப் போனால் அந்த மகள் தயங்கித் தயங்கி மடிக்கு வந்தாள். லூர்து மேரி குழம்பு ஊற்றியபடியே, "கல்யாணம் கட்ன புதுசுல இப்பிடித்தான் இருந்தீங்க" என்றாள். பிரஸ் மெஷினில் தகடு வைக்கும் கையும் தானாக ஓடியது. உருப்படிகள் குவிந்தன. அவனுக்கே அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆராய்ச்சி முடிந்த வாரம் சூப்பர்வைசர் ஸ்ரீநிவாசராகவன் எல்லாரையும் கூப்பிட்டு நிற்க வைத்தார்.

"அதே மெஷின், அதே ஆள். உருப்படி மட்டும் எப்படிப்பா ஜாஸ்தியாச்சு? அப்ப இத்தனை நாளா வேணும்னே கொறைச்சுப் போட்டிருக்கீங்க." ஜெபதாஸின் தோளைத் தட்டினார். "இனிமே இவன் போடறதுதான் எல்லாருக்கும் டார்கெட்."

அன்று மத்தியானமே கட்டில்கள் வெளியே வந்தன. அறைக்குள் மறுபடியும் சாமான் ஏறியது.

டாக்டரம்மாவின் கார் கிளம்பும்போது ஜெபதாஸ் ஓடிப்போய் நின்றான்.

"தூங்க எடம் குடுக்கணும்னுதாம்பா நான் எழுதிக் குடுத்தேன். சத்தியமா."

"அத்த வுட்டுட்டு மத்தத மட்டும் எடுத்துக்கினாங்கம்மா."

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. டிரைவர் வண்டியை எடுத்துவிட்டான்.

அதற்கப்புறம் மெஷின் வரிசையில் ஜெபதாஸிடம் யாரும் பேசவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அவன் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவன் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்தான். "மகாராஜா துயில் எழுந்தாச்சா?" என்று முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். தணிகாசலம் அப்படியெல்லாம் பேசவில்லை. சைக்கிளை முன்கூட்டியே எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்பிவிடுவான், அவ்வளவுதான். புது டார்கெட்டுக்கு அவனும் முக்கிப் பார்த்தான். தகடு கோணலாக விழுந்தது. அதே தகரக் கூரைக்குக் கீழே தூங்காத ஜெபதாஸுக்கும் இப்போது டார்கெட் எட்டவில்லை. ஆனால் அவன் ஒருமுறை போட்டுக் காட்டியவன், வயசும் கம்மி. பொறுத்துக்கொண்டார்கள். தணிகாசலத்துக்கு இரண்டு தரம் எச்சரிக்கை கொடுத்துவிட்டு, ஆடி மாதம் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் பகலில் ஜெபதாஸுக்குப் பாயில் இருப்புக் கொள்ளவில்லை. வேகாத வெயிலில் தணிகாசலம் வீட்டுக்கு நடந்தான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஒன்றும் சரியாக வரவில்லை. கதவைத் தட்டினதும் தணிகாசலத்தின் மனைவி சின்னப்பொண்ணு பாதி திறந்து நின்றாள்.

"அண்ணி, அண்ணன் கீறாரா?"

"தூங்கினு கீறாருப்பா" என்றாள் தணிந்த குரலில். "இப்பதான் கண்ண மூடினாரு. எயுப்ப முடியாது."

அவள் தோளுக்குப் பின்னால், சுவரில் முதுகைச் சாய்த்துத் தணிகாசலம் உட்கார்ந்திருந்தான். அவன் கண்கள் திறந்திருந்தன. ஜெபதாஸை நேராகப் பார்த்தான். அந்தப் பார்வையில் கோபமும் இல்லை, வா என்ற அழைப்பும் இல்லை.

சின்னப்பொண்ணு கதவைச் சாத்தினாள். தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல், துளி ஓசையும் எழாமல், மெதுவாக.