ரத்து அல்ல, செல்லாது

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. யார் எதை முதலில் சொன்னார்கள் என்பதில் முன்பின் இருக்கலாம். ஆனால் செஞ்சி கோர்ட் வாசலில் அருள்ஜோதி கேட்ட கேள்வியில் சந்தேகமே இல்லை.

"ரத்துன்னாலும் செல்லாதுன்னாலும் ஒண்ணுதானக்கா?"

"இல்ல அருளு," என்றாள் அவளுடைய வக்கீல் வளர்மதி. "ரத்துன்னா, இருந்தது இன்னியோட அறுந்துச்சுன்னு அர்த்தம். செல்லாதுன்னா, இருந்ததே இல்லன்னு அர்த்தம். உன் புருஷன் கேக்குறது ரெண்டாவது."

அருள்ஜோதி அனந்தபுரத்துக் கத்தோலிக்கப் பெண். குரு இந்து. மேல்மலையனூரில் அம்மன் சன்னதியில் தாலி கட்டினான். மகள் கீர்த்தனா பத்தாவது முடித்துவிட்டாள். இப்போது அவனுக்கு வேறொருத்தி வேண்டும். விவாகரத்து கேட்டிருந்தால் அழுதுகொண்டே கொடுத்திருப்பாள். அவன் கேட்டதோ, அது கல்யாணமே இல்லை என்று ஒரு தீர்ப்பு. இந்து முறைக் கல்யாணத்துக்கு இரண்டு பேருமே இந்துவாக இருக்க வேண்டுமாம்.

"தாலிக்கு முன்னாடி நீ இந்துவா மாறியிருந்தா கல்யாணம் நிக்கும். மாறினியா?" என்று கேட்டாள் வளர்மதி.



கூண்டில் நின்றவளிடம் குருவின் வக்கீலும் அதையே கேட்டார். மாறினேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் கல்யாணத்தன்று சன்னதி வரிசையில் நின்றபோது, "நான் மாறிடட்டுமா?" என்று அவள் கேட்டதற்குக் குரு சிரித்தது ஞாபகம் வந்தது. "இன்னாத்துக்கு? நீ வேற ஆளாயிட்டா, எனக்குப் புடிச்ச அருள நான் எங்க போய்த் தேடுறது?" அதன்பின் எத்தனையோ ஞாயிறு அவளை மாதா கோயிலில் இறக்கிவிட்டு, பூசை முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தான். மாறினேன் என்றால் அந்தச் சிரிப்பு பொய்யாகிவிடும்.



"மாறலங்க. மாற வேணான்னு சொன்னதே அவருதாங்க."

குரு நிமிர்ந்து பார்த்தான். பிறகு மறுபடி தலையைக் குனிந்துகொண்டான்.

செல்லாது என்று தீர்ப்பு வந்த அன்று அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ கீர்த்தனா?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகாது. சட்டப்படி முறையா பொறந்த பொண்ணுதான்."

"கல்யாணம் இல்ல, பொண்ணு மட்டும் இருக்குதாக்கா?"

வளர்மதி ஃபைலைக் கட்டிக்கொண்டே இருந்தாள்.

குரு மறுமணம் செய்துகொண்டு திண்டிவனத்தில் இருக்கிறான். கீர்த்தனா விழுப்புரத்தில் நர்சிங் படிக்கிறாள். வளர்மதி அதே கோர்ட்டுக்குத்தான் போய் வருகிறாள். அருள்ஜோதி அனந்தபுரத்தில் அண்ணன் ராபர்ட்டின் வீட்டில் இருக்கிறாள். கணவர் பெயர் கேட்கும் இடங்களில் அப்பா பெயரைச் சொல்கிறாள்.