ஆறாம் மாடிச் சாக்குகள்

குப்பைக் குழாயில் போத்தல் விழும் சத்தம் கேட்டால் அல்போன்சம்மாள் கையில் இருக்கும் கரண்டி அப்படியே நிற்கும். எந்த மாடியிலிருந்து விழுகிறது என்றுகூட அவளுக்குத் தெரியும்.

ஈசூன் அடுக்குமாடி வீட்டுக்கு அவர்கள் குடிவந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அடுப்படிச் சுவரில் ஒரு மூடி. அதைத் திறந்து எதைப் போட்டாலும் கண்ணுக்கு மறைந்துவிடும். கண்ணுக்குத்தான் மறையும். கீழே ஓர் இருட்டறையில் இரும்புத் தொட்டிக்குள் போய்க் கிடக்கும். அந்தத் தொட்டியை இழுத்து லாரியில் ஏற்றுகிறவர்களில் ஒருவர் அவள் கணவர் சவரிராஜ்.

எண்பத்து நாலாம் வருடம், சாம்பல் புதனுக்கு நாலு நாள் முன்னால், யாரோ போட்ட சோயா சாஸ் போத்தலின் சில்லு அவர் வலது உள்ளங்கையைக் கிழித்தது. பதினோரு தையல். இரண்டு விரல்கள் இன்னும் மடங்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆனா, வேலைக்கு வர வேணாம்" என்று மேலாளர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் அல்போன்சம்மாள் ஆறாம் மாடிப் படிக்கட்டு ஓரத்தில் மூன்று அரிசிச் சாக்குகளை வைத்தாள். போத்தலுக்கு ஒன்று, தகரத்துக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டினாள். "கீழே ஒரு கை இருக்குங்க. போத்தலை எங்கிட்ட குடுங்க" என்றாள். மூன்று மாடிச் சனம் கொண்டுவந்து போட்டது.

பழைய சாமான் எடுக்கும் காராங்கூனிக்காரன் ஆ செங் வெள்ளிக்கிழமைதோறும் வருவான். வெறும் போத்தலுக்காக அவன் மாடி ஏற மாட்டான். காகிதம் இருந்தால்தான் ஏறுவான். காகிதத்தோடு போத்தலும் போகும்.

ஒரு திங்கட்கிழமை வீடமைப்பு அலுவலகத்திலிருந்து இராஜரத்தினம் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், சட்டைப்பையில் மூன்று பேனா.

"ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவன் எடுத்துக்கொண்டு போனா நான் கண்டுகொள்ள மாட்டன் அம்மா. ஆனா சாமான் தேங்கி நிக்கக் கூடாது. சனிக்கிழமை பத்து மணிக்கு வருவன். நிரம்பிக் கிடந்தா சாக்கையும் சேர்த்து அள்ளிப் போட்டுடுவம். சரியோ?"

சரி என்றாள். வெள்ளிக்கிழமை ஆ செங் வந்துவிடுவானே என்ற தைரியம்.

வந்தான். காகிதச் சாக்கைக் கவிழ்த்தான். மேலாக விழுந்தது முருகன். சிராங்கூன் ரோட்டு மளிகைக்கடைக் காலண்டர். அடியில் லட்சுமி. அதற்கும் அடியில் அரபு எழுத்து அச்சடித்த தாள்கள், கண்ணாடி கீறிய திருஇருதய ஆண்டவர் படம். ஆ செங் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கும்பிட்டான்.

"சாமி கிடக்கிற சாக்கை நான் தொட மாட்டேன் லா" என்று அரைகுறை மலாயில் சொன்னான். "என் வீட்டுல இருக்கிற சாமிக்கே நான் பதில் சொல்லி முடியல. உங்க சாமி எல்லாம் வந்து கேட்டா? அஞ்சு மணி வரைக்கும் லாரி பக்கத்து புளோக்குல நிக்கும். பிரிச்சுக் கொண்டாங்க. இல்லாட்டி அடுத்த வெள்ளி."

அடுத்த வெள்ளியா? நாளைக்குப் பத்து மணிக்குச் சாக்கே இருக்காதே! மணி அப்போது மூன்று.

காகிதச் சாக்கை முழுதும் நடைபாதையில் கொட்டினாள். ஒவ்வொரு தாளாகப் புரட்ட வேண்டியிருந்தது. செய்தித்தாளுக்குள் செய்தித்தாள், அதற்குள் பிள்ளையார் போட்ட கல்யாணப் பத்திரிகை. யாரோ பயபக்தியோடு மடித்து, நூல் கட்டி, மறைத்து வைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டு ஆமினா பீவி எட்டிப் பார்த்தார். அல்போன்சம்மாள் அரபுத் தாள்களை நீட்டினாள். "இது உங்களுதா அக்கா?"

"என் மகன் யாக்கூப் சின்னப்பிள்ளையில ஓதுனது. கிழிஞ்சு போச்சு." அவர் முகம் சிறுத்தது. "மீன் செதிலோட குப்பைக் குழாயில போட மனசு வருமா? உன் சாக்கு சுத்தமா இருக்கேன்னு போட்டேன். நீ எதையும் வீணாக்க மாட்டேன்னு சொன்னாங்க."

"காராங்கூனி இதுல மீன் பொட்டலம் கட்ட மாட்டானா?"

ஆமினா பீவி வாயைப் பொத்திக்கொண்டார். தாள்களை வாங்கித் தலைத்துணியில் சுற்றினார். "பள்ளிவாசல்ல குடுத்துடச் சொல்றேன்" என்றவர் உள்ளே போகாமல், தாமும் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தார்.

ஏழாம் மாடி மருதப்பன் படி இறங்கி வந்தார். அல்போன்சம்மாள் விடவில்லை. "மருதப்பண்ணே, முருகன் உங்களுதுதானே?"

"ஏன், முருகன் எனக்கு மட்டுந்தான் சொந்தமா? புளோக்கு பூரா முருகன்தான்!"

"எழுபத்தொம்பதாம் வருசத்துலேர்ந்து அஞ்சு காலண்டர் அண்ணே. அஞ்சுலயும் பால்காரனுக்கு நீங்கதான் புள்ளி போட்டிருக்கீங்க."

மருதப்பன் தலையைச் சொறிந்தார். "குடு, குடு. கோயிலுக்குத்தான் போறேன், அங்க கேட்டுப் பார்க்கிறேன். ஒரு நன்றிகூட இல்ல, திட்டு மட்டும் வாங்கணும்."

"ஊர்ச் சாமியெல்லாம் என் தலையில கட்டிட்டு நன்றி வேற வேணுமா? அறிவு வேணாமா உங்களுக்கெல்லாம்?"

சொல்லிக்கொண்டே அடுத்த பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பு நூல். அவள் வீட்டு நூல். உள்ளே, சிலுவையாய் முடைந்த காய்ந்த குருத்தோலை.

போன வருடத்துக் குருத்து ஞாயிற்றில் மந்திரித்துக் கொடுத்தது. சாம்பல் புதனுக்கு முந்திய ஞாயிறு மாதா கோயிலில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். அதை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் இடுவார்கள். அந்த ஞாயிறு சவரிராஜ் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஓலை நின்றுவிட்டது. குழாயில் போட மனசில்லாமல், போன சனிக்கிழமை அவளே சுற்றி இந்தச் சாக்கில் வைத்து மறந்தும் போனாள். அவளேதான்.

ஆமினா பீவி ஓலையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். மருதப்பன் சொன்னார்: "அறிவு யாருக்கு வேணும்னு சொன்னே?"

அல்போன்சம்மாளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய் வந்தன. ஓலையை இடுப்பில் செருகிக்கொண்டாள். "தூக்குங்க அண்ணே, மணி நாலே முக்கால்!"

லிஃப்ட் ஐந்தாம் மாடியில்தான் நிற்கும். ஒரு மாடி இழுத்து இறக்கினார்கள். லிஃப்ட் கதவு திறந்தால் உள்ளே சவரிராஜ், வேலை முடிந்து வந்துகொண்டிருந்தார். போத்தல் சாக்கைப் பிடிக்க வலது கையை நீட்டினார்.

"அந்தக் கையை எடுங்க!" என்று அவள் போட்ட சத்தத்தில் மருதப்பனே சாக்கை விட்டுவிட்டார்.

லாரி நகரத் தொடங்கியிருந்தது. அவள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி, முன்னால் போய் நின்றாள். ஆ செங் இறங்கி, குச்சியால் காகிதத்தைக் கிளறிப் பார்த்தான். "சாமி இல்லையே?"

"இல்ல."

அவள் இடுப்பில் நீட்டிக்கொண்டிருந்த ஓலையைச் சந்தேகமாகப் பார்த்தான். பிறகு மூன்று சாக்கையும் லாரியில் கொட்டிவிட்டு வெறும் சாக்கைத் திருப்பிக் கொடுத்தான்.

சனிக்கிழமை பத்து மணிக்கு இராஜரத்தினம் வந்தபோது படிக்கட்டு ஓரம் துடைத்து வைத்தது போலிருந்தது. சாக்கு மூன்று அல்ல, நாலு. நாலாவதற்கு மேல் ஒரு வெள்ளைத் துணி.

"இது என்னத்துக்கு அம்மா?"

"சாமிக்கு. அது காராங்கூனிக்குப் போகாதுங்க. நானே அவங்கவங்க கோயிலுக்கு அனுப்பிடுவேன்."

அவர் பேனாவைத் திறந்தார். வெள்ளைத் துணியைப் பார்த்தார். மூடிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "தேங்காமப் பாத்துக்கொள்ளுங்கோ."

கீறிய கண்ணாடிப் படத்துக்கு மட்டும் யாரும் வரவில்லை. அன்று மத்தியானம் அதைச் சுவரில் மாட்ட ஆணி தேடிக்கொண்டிருந்தாள். சவரிராஜ் இடது கையால் சோறு அள்ளிக்கொண்டிருந்தார். குழாய்க்குள் மேலிருந்து கணகணவென்று ஒன்று உருண்டு, அவர்கள் அடுப்படியைக் கடந்து, கீழே போய்ச் சிதறியது.

இரண்டு பேரும் நிமிர்ந்தார்கள்.

"ஒம்பதாம் மாடி" என்றாள் அல்போன்சம்மாள். படத்தை மேசையில் வைத்துவிட்டு, ஒரு வெறும் சாக்கை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு படியேறினாள்.