ஆறு படகும் மூன்று ஊரும்

ஒரே ஆற்றின் கரையில் அடுத்தடுத்து மூன்று ஊர்கள். வெள்ளம் வந்தால் மூன்று நகராட்சியும் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது, தலைமை மட்டும் ஆறு மாதத்துக்கு ஒருவராக மாறுவது என்று போன வருடம்தான் ஒப்பந்தம் போட்டார்கள். இந்த முறை நடு ஊரின் தலைவி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் டீச்சர்தான். கீழ் ஊர்த் தலைவர் மருந்துக்கடைக்காரர், பரம சாது. மேல் ஊர்த் தலைவர் லாரிகள் வைத்திருப்பவர். அவருக்கும் டீச்சருக்கும் ஏழாம் பொருத்தம். "இவங்க கரும்பலகையிலதான் படகு விடுவாங்க" என்று ஒரு கூட்டத்தில் அவர் அடித்த கிண்டல் டீச்சருக்கு இன்னும் ஆறவில்லை.

மூன்று நாளாக விடாத மழை. காலை பத்து மணிக்கு, நீரேற்று நிலையத்து மாடி அறையில் மூவரும் இருந்தபோது, அடுத்தடுத்து இரண்டு தகவல்கள் வந்தன. நடு ஊர் அச்சகத் தெருவில் இடுப்பளவு தண்ணீர். ஐம்பது பேர் மொட்டை மாடிகளில் நிற்கிறார்கள். கீழ் ஊர் முதியோர் இல்லத்துக்கு இரண்டு மணி நேரத்தில் வெள்ளம் வந்துவிடும். உள்ளே முப்பத்தெட்டு பேர், பாதிப் பேர் படுத்த படுக்கை. இருப்பதோ ஆறு படகுகள்.

டீச்சர் பலகையில் எழுதினார்: அச்சகத் தெரு நான்கு, இல்லம் இரண்டு.

"டீச்சர், அந்தக் கட்டடத்துக்கு மாடி கிடையாது" என்றார் மருந்துக்கடைக்காரர், குரலே எழும்பாமல்.

அதே நேரம் டீச்சரின் கணவர் போனில் வந்தார். "தங்கச்சி மாடியில நனைஞ்சுக்கிட்டு நிக்கிறா. படகு கிளம்பிடுச்சா?"

"இதோ" என்று போனை வைத்துவிட்டு டீச்சர் பலகையைப் பார்த்தார். விடை மட்டும் எழுதி வழி எழுதாத பிள்ளைகளுக்கு அவர் ஒருநாளும் மார்க் போட்டதில்லை. இந்த நான்குக்கு என்ன வழி?

எழுதுகோலை லாரிக்காரரிடம் நீட்டினார். "என் நாத்தனார் அந்தத் தெருவுல இருக்கா. என் கை தானா என் ஊர்ப் பக்கமே போகுது. உங்க ஊருக்கு இப்போ ஆபத்து இல்ல. இன்னைக்குத் தலைமை நீங்க பாருங்க."

அவர் குத்திக்காட்டப் போகிறார் என்றுதான் டீச்சர் நினைத்தார். லாரிக்காரர் கழுத்தைச் சொறிந்துகொண்டார். "உங்க ஊர்க்காரங்க சும்மா விடுவாங்களா?"

"விடமாட்டாங்க."

"அஞ்சைக் கீழே அனுப்பப் போறேன்."

டீச்சர் பலகையிலிருந்த நான்கைத் துடைத்தார். "அனுப்புங்க."

"மிச்சம் ஒண்ணு உங்க தெருவுக்கு. யாருக்கு உடம்பு முடியல, எந்த வீட்டுல கைக்குழந்தை இருக்கு, நீங்கதான் சொல்லணும்."

அது டீச்சருக்கு அத்துப்படி. வீடு வீடாகப் போன் போட்டு ஏழு பேரை முதலில் இறக்கச் செய்தார். அந்தப் பட்டியலில் நாத்தனார் பெயர் இல்லை.

பன்னிரண்டு மணிக்கு இல்லத்துக்குள் தண்ணீர் புகுந்தது. கடைசிக் கட்டில் அதற்குச் சற்று முன்புதான் வெளியேறியிருந்தது. மற்ற படகுகள் அச்சகத் தெருவுக்கு வந்து சேர மூன்று மணி ஆகிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் ஐந்து மணி நேரம் மழையில் நின்றவர்கள் அதை மறப்பார்களா? "நம்ம படகை அடுத்த ஊர்க்காரன் கையில தூக்கிக் குடுத்துட்டாங்க" என்று நடு ஊர் மன்றக் கூட்டத்தில் டீச்சரைப் பிடிபிடியென்று பிடித்தார்கள். லாரிக்காரர் தன் அறிக்கையில், "படகுகளைப் பிரித்த முடிவு என்னுடையது" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். டீச்சர் அதன் கீழே, "தலைமையை அவரிடம் கொடுத்தது நான்" என்று எழுதினார்.

மறுநாள் நாத்தனார் வீட்டுக்குப் போனார். சேறு வழித்த கூடத்தில் காய்ச்சலோடு உட்கார்ந்திருந்தவள் முகம் கொடுக்கவில்லை.

தலையைத் திருப்பாமலே, "அந்த இல்லத்துல எத்தனை பேரு அண்ணி?" என்றாள்.

"முப்பத்தெட்டு."

"எல்லாரும் வந்துட்டாங்களா?"

"வந்துட்டாங்க."

"எனக்குக் கோபம் போகல" என்றாள் நாத்தனார். நனைந்த போர்வையின் ஒரு முனையை டீச்சர் பக்கம் தள்ளினாள். இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிந்தார்கள்.