திங்கட்கிழமைகளில் மறக்கும் கணினி

சிலாவத்துறைச் சந்தியில் கடை வைத்திருக்கும் வஸீருக்கு ஊரில் ஒரு பட்டம் உண்டு, பதிவாளர். பழுதான கைத்தொலைபேசி ஒன்றைக் கொடுத்தால்கூட, திருத்திய பிறகு உள்ளே ஒரு துண்டு ஒட்டி, திகதி போட்டு, எதைக் கழற்றினார், எதைப் பூட்டினார் என்று பொடி எழுத்தில் எழுதாமல் திருப்பித் தரமாட்டார். பிறப்புச் சான்றிதழும் சேர்த்துத் தருகிறார் என்று இளவட்டங்கள் கேலி பண்ணுவார்கள். அவர் காதில் போட்டுக்கொள்வதில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அந்தக் கடை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சரீபா இறங்கினார். பின் இருக்கையில் பழைய சேலையால் சுற்றிக் கட்டிய பெட்டி ஒன்று, மனிசரைப்போல உட்கார்ந்திருந்தது.

"வியாழக்கிழமை காணிக் கச்சேரி, எல்லை விசாரிக்க அதிகாரிகள் வருகினம். அதுக்கு முன்னுக்கு இதைத் திறந்து தரவேணும்" என்றார்.

ஊரில் எல்லாப் பெண்களுக்கும் அவர், அண்ணன் முறையில், வஸீர் நானா. சரீபா மட்டும் பெயரும் சொல்லமாட்டார், முறையும் சொல்லமாட்டார். புத்தளத்திலிருந்து போன வருடம்தான் ஊர் திரும்பி, வாப்பாவின் வளவு நிலத்தில் தகரக் கொட்டில் போட்டு மகள் றிஸ்மினாவுடன் இருக்கிறார். கணவர் காலமாகி ஆறு வருடம்.

பெட்டியைச் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்ததும் வஸீர் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். மஞ்சளேறிய பெட்டி. முன்பக்கத்தில் சிவப்புப் பொத்தான். புத்தளத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டில் பள்ளிக்கூடத்துக்கு யாரோ நன்கொடையாகத் தந்த கணினி அது.

தொண்ணூறில் ஆயுதக்காரர்கள் முஸ்லிம்களை ஊரை விட்டுப் போகச் சொன்னபோது காணி உறுதிப் பத்திரத்தைத் தேடி எடுக்க யாருக்கும் அவகாசம் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து, முகாமில் தட்டெழுத்துத் தெரிந்த ஒரே பெண்ணான சரீபா, பெரியவர்களை ஒவ்வொருவராக எதிரில் இருத்தி, அவரவர் வளவின் நாலு பக்க எல்லையையும் வாயால் சொல்லச் சொல்ல, ஆங்கில எழுத்தில் தமிழாக அடித்து வைத்தார். வடக்கே இன்னாருடைய வேலி, கிழக்கே கடற்கரைப் பாதை என்று இருநூற்றுச் சொச்சம் குடும்பங்கள். அச்சடித்த தாள்களைக் கறையான் தின்று தீர்த்துவிட்டது. மிஞ்சியது இந்தப் பெட்டிக்குள் இருப்பதுதான்.

"வாப்பாட வளவுக் கிணத்தைப் பக்கத்து வளவுக்காரர் தங்கட எண்டு சொல்லுறார். விவரம் தெரிஞ்ச ஆக்கள் எல்லாம் மௌத்தாகி மண்ணுக்குள்ள போயிட்டினம். அந்தாளிட வாப்பாவும் எனக்கு முன்னால இருந்துதான் தன்ர எல்லையைச் சொன்னவர். கிணத்துக்கு அங்கால தன்ர வேலி எண்டு அவரே சொன்னவர். அது இதுக்குள்ள கிடக்குது. பள்ளிவாசல்ல பட்டியலைக் கொண்டுவரச் சொல்லுறாங்கள். கிணறு போனா அதோட ஒட்டின மேட்டு நிலமும் போகும். பிறகு றிஸ்மினாவுக்கு எங்க வீடு கட்டுறது?"

"பார்ப்பம். இருங்கோ" என்று வஸீர் கதிரையைக் காட்டினார்.

பெட்டியைத் திறந்தார். உள்ளே பேட்டறி கசிந்து பச்சையாகப் பூத்திருந்தது. வினாகிரி தொட்டுத் துடைத்து, புதியதொன்றை ஈயத்தால் பற்றவைத்து, மின்சாரம் கொடுத்தார். இரண்டு நிமிடத்தில் திரையில் எழுத்து ஏறத் தொடங்கியது. நினைவகத்தை எண்ணி முடித்து, ஒரு கீச்சுக் குரல் கொடுத்து, தனக்கு எதுவுமே ஞாபகமில்லை என்று கணினி ஒப்புக்கொண்டது. மூலையில் திகதி: 1980, சனவரி 1.

அந்தக் காலத்துக் கணினிகளின் குணம் அது. மின்சாரம் வந்ததும் முதலில் கண்விழிப்பது பயாஸ் என்ற சிறு சில்லு. திரை எது, விசைப்பலகை எது, தகவலைச் சேமிக்கும் வன்தட்டு எது என்று மற்ற எல்லாவற்றையும் தட்டி எழுப்புவது அதன் வேலை. ஆனால் உள்ளே பூட்டியிருக்கும் தட்டு எப்படிப்பட்டது என்பது அதற்குத் தானாகத் தெரியாது. முதலில் செய்த அமெரிக்கக்காரர் பத்துப் பதினைந்து வகைத் தட்டுகளுக்கு எண் போட்டுப் பட்டியல் எழுதி வைத்தார்கள். பிறகு பார்த்துச் செய்தவர்கள் அதை நாற்பத்தாறாக்கினார்கள். எத்தனையாம் வகை என்று மனிதன்தான் சொல்ல வேண்டும். சொன்னதைப் பேட்டறி இருக்கும்வரை ஞாபகம் வைத்திருக்கும். பேட்டறி போனால் ஞாபகமும் போய்விடும். இப்போதைய கணினிகள் எல்லாவற்றையும் தாங்களே கண்டுபிடித்துக்கொள்கின்றன. வஸீருக்கு அவற்றின்மேல் பெரிய மரியாதை இல்லை.

தட்டின் முதுகில் அச்சிட்டிருந்த அளவு அந்த நாற்பத்தாறில் எதனோடும் ஒத்துப்போகவில்லை. அப்படியானால் கிட்டத்தட்டப் பொருந்தும் ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றியிருக்கிறார்கள். அதே எண்ணைத் திரும்பக் கொடுத்தால்தான் உள்ளே இருப்பதை வாசிக்க முடியும். இப்படி ஒப்பேற்றினால் எண்ணை மூடியின் உட்பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பது தொழிலின் வழமை. வஸீர் மூடியைப் புரட்டி வெளிச்சத்தில் பிடித்தார். துடைத்துவிட்டதுபோல வெறுமை.

"எந்த அரைகுறை செய்த வேலை இது?" என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஒரு நம்பர் எழுதி வைக்கத் தெரியாதவனெல்லாம் என்னத்துக்கு இந்த வேலைக்கு வாறான்?"

சரீபா தெருப் பக்கம் பார்த்தார். "எனக்கென்ன தெரியும்" என்றார்.

சொல்லி வாய் மூடிய பிறகுதான் வஸீருக்கு உறைத்தது. செய்த அரைகுறை அவரேதான்.

அப்போது அவனுக்கு இருபத்துநாலு வயது. கொழும்பில் ஆறு மாதம் படித்துவிட்டு வந்து, முகாமில் பெரிய மெக்கானிக் என்று நடமாடினான். கொட்டிலுக்குள் கல்யாணமாகாத குமர்ப்பிள்ளை சரீபா தனியே தட்டெழுத்து அடித்துக்கொண்டிருக்கும் இடத்துக்கு வேலையில்லாமல் போகமுடியாது. பேட்டறி பலவீனமாக இருந்தது. சனி, ஞாயிறு நிறுத்தி வைத்தால் திங்கட்கிழமை எல்லாவற்றையும் மறந்துவிடும். உடனே ஆள் வரும், வஸீரைக் கூட்டிவரச் சொல்லி. அவன் தலை சீவி, சேட்டு மாற்றி, போய், வகை எண்ணையும் திகதியையும் போட்டுக் கொடுத்துவிட்டு ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வருவான். எண்ணை எழுதி வைத்தால் தன்னை யார் கூப்பிடுவார்கள்? புதிய பேட்டறி கொழும்பிலிருந்து வரவேண்டும் என்று எட்டு மாதம் கதைவிட்டான். அத்தனை திங்கட்கிழமையிலும் அவள் ஒருநாளாவது நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்ததில்லை. விருப்பமில்லை என்று முடிவு கட்டி, சவூதி விசா வந்ததும் போய்விட்டான்.

இப்போது அந்த எண் தலைக்குள் இல்லை. ஊரிலுள்ள தொலைபேசிகளுக்கெல்லாம் துண்டு எழுதி ஒட்டும் மனிதர், வாழ்க்கையில் எழுதாமல் விட்ட ஒரே எண்ணை மறந்து போனார்.

நாற்பதைப் போட்டார். தட்டு கரகரத்துச் சுழன்றது, வாசிக்கவில்லை. நாற்பத்துமூன்று. அதுவும் இல்லை. ஐந்து நிமிடத்தில் தட்டு சூடேறி நின்றது. ஆறவிட்டு, திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டி எழுப்பிப் பதினேழைப் போட்டார். இரும்பை அரத்தால் ராவுவதுபோல ஒரு சத்தம் வந்தது. வஸீர் பாய்ந்து நிறுத்தினார்.

"இனி ஒருக்கா சுழலும். கூடினா இரண்டு தரம்" என்றார். "நம்பரை மறந்துபோனன். எழுதி வைக்காதது என்ர பிழை. வேற ஒருத்தரும் இல்லை, நான்தான்."

வெட்கமும் துக்கமும் ஒன்றாக வந்து அவருக்குக் கண் கலங்கியது. கச்சேரியில் இந்த மனுசி வெறுங்கையோடு நிற்பதை நினைக்கவே பொறுக்கவில்லை.

சரீபா முந்தானையைத் தலையில் இழுத்துச் சரிசெய்துகொண்டார்.

"முப்பத்தஞ்சு" என்றார்.

"என்ன?"

"கீபோட்டில அந்தப் பொத்தானை முப்பத்தஞ்சு தரம் அமத்துவீங்கள். ஒரு தரம் அமத்த ஒரு நம்பர் ஏறும். போட்டுப் பாருங்கோ."

வஸீர் எண்ணி எண்ணி அழுத்தினார். தட்டைத் தட்டி எழுப்பினார். கரகரப்பு, ஒரு மௌனம், பிறகு திரையில் அம்புக்குறி கண் சிமிட்டியது. பட்டியல் கிடந்தது, 1993 ஆம் வருடத் திகதியோடு. அவர் மூச்சு விடாமல் அதை நெகிழ்வட்டு ஒன்றில் பிரதி எடுத்தார். எடுத்து முடித்த கையோடு தட்டு ஒருமுறை முனகிவிட்டு நின்றது. இனி எழும்பாது என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

நெகிழ்வட்டைத் தன் மேசைக் கணினியில் போட்டு அச்சடித்தார். இரண்டாம் பக்கத்தில் பக்கத்து வளவுக்காரரின் தகப்பன் சொன்னது இருந்தது. தெற்கே சரீபாவின் வாப்பாவுடைய கிணறு, அதற்கு இப்பால் என் வேலி. சரீபா அந்த வரியை விரலால் தொட்டுத் தொட்டு வாசித்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று தாளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

வஸீருக்கு நிம்மதி வந்தது. நிம்மதிக்குப் பின்னால் கேள்வியும் வந்தது.

"எப்ப இருந்து தெரியும்?"

"இரண்டாம் திங்கட்கிழமையில இருந்து. உங்கட முகத்தைப் பார்க்க வெட்கம். விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான்."

"அப்ப நீங்களே போட்டிருக்கலாமே. ஏன் ஒவ்வொரு முறையும் ஆள் அனுப்பினீங்கள்?"

"நீங்கள் ஏன் எட்டு மாதம் பேட்டறி வாங்கயில்லை?"

தெருவில் மீன் லொறி ஒன்று போனது. வஸீர் கழற்றி வைத்த பழைய பேட்டறியைக் கையில் எடுத்தார்.

"கடைசியில வாங்கிப் போட்டனான்தானே" என்றார் பிறகு, நியாயம் சொல்வதுபோல. "சவூதிக்குப் போக முதல் நாள். நான் இல்லாம நீங்கள் கஷ்டப்படக்கூடாது எண்டு நினைச்சன்."

"ஓம், போட்டீங்கள்" என்றார் சரீபா, தாள்களை மடித்தபடி. "திங்கட்கிழமை காலமை போய்ப் போட்டுப் பார்த்தன். ஒண்டையும் மறக்காம அப்பிடியே எழும்பி நிண்டது. அண்டைக்கு முழுக்க அழுதுகொண்டிருந்தன்."