சிடி பிளேயருக்குள் போன ஸ்கேன்

மருந்துக் கடையிலிருந்து மகள் திரும்பியபோது அப்பா காரின் முன்னிருக்கையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். ஸ்கேன் நிலையத்தில் கொடுத்த உறை அவர் காலடியில் காலியாகக் கிடந்தது.

"சிடி எங்கப்பா?"

அவர் டேஷ்போர்டைக் கண்ணால் காட்டினார்.

"இதுலயா போட்டீங்க?"

"எல்லா விவரமும் சிடியில இருக்குன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சில்ல. டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நான் கேட்டுக்கலாம்னு பாத்தேன்."

"அது படம்பா! பாட்டுன்னு நினைச்சீங்களா?"

"என் தலைக்குள்ள இருக்கறதை எனக்கு முன்னாடி ஊரே பாத்துடுச்சு. நான் கேக்கக் கூடாதா?"

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவுக்கு மூன்று மாதமாகத் தலைசுற்றல். கட்டியா இல்லையா என்பதை அந்தப் படங்களைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்று நிபுணர் சொல்லியிருந்தார். இன்று மதியம்வரைதான் அவர் இருப்பார். மாலை விமானத்தில் கிளம்பினால் திரும்ப இரண்டு வாரம் ஆகும். ஸ்கேன் நிலையமோ ஞாயிற்றுக்கிழமை என்பதால் இவர்களை அனுப்பிய கையோடு மூடிவிட்டது. அங்கே தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

வெளியேற்றும் பொத்தானை அழுத்தினாள். உள்ளே ஏதோ கரகரவென்று முனகி அடங்கியது.

பெட்ரோல் நிலையத்துக்குப் பின்னால் கார் ஸ்டீரியோ பொருத்தும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் டீ கிளாஸை ஸ்பீக்கர் பெட்டிமேல் வைத்துவிட்டு வந்தார். பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பிடித்தார். பயனில்லை. ஃபியூஸைப் பிடுங்கி, கொஞ்சம் பொறுத்து, மறுபடி செருகினார். அதே முனகல்.

"இது மோட்டார் கோளாறு இல்லக்கா. வயித்துல ஏற்கெனவே ஏதோ இருக்கு. நீங்க இதுல பாட்டுக் கேக்கறதில்லையா?"

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடம் அவளுடைய சின்ன மகளின் கதை சிடி உள்ளே போய் வெளியே வரவில்லை. அதன்பின் எல்லாரும் கைப்பேசியில் கேட்கத் தொடங்கிவிட்டதால் பிளேயரை யாரும் தொட்டதில்லை.

"ஒண்ணு இருக்கற இடத்துல இன்னொண்ணைத் திணிச்சிருக்கீங்க பெரியவரே. நல்ல பலம்தான்."

"மெதுவாத்தான் தள்ளினேன்," என்றார் அப்பா. "கொஞ்சம் அடம் பிடிச்சுது. நானும் பிடிச்சேன்."

"கத்தி கித்தி விட்டு நோண்டாம கொண்டு வந்தீங்களே, அதுவே பெருசு."

இரண்டு தகட்டுச் சாவிகளை ஓரங்களில் செருகி பிளேயரை இழுத்தார். பின்புற வயர்களைக் கழற்றி, மேசைமேல் வைத்து, மேல்மூடியின் திருகுகளை எடுத்தார். மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அப்பா வேறு எங்கோ பார்த்தார். உள்ளே இரண்டு தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ரப்பர் உருளையில் நசுங்கி நின்றன. கடைக்காரர் பல்சக்கரத்தை விரலால் பின்னோக்கிச் சுழற்றினார். மேலே இருந்த ஸ்கேன் சிடி அங்குலம் அங்குலமாக வெளியே வந்தது. அதன் ஓரத்தில் நீளமாக ஒரு கீறல்.

"இது படிக்குமா?"

"போட்டுப் பாத்தாதான் தெரியும்."

பில் போடும் கம்ப்யூட்டரில் செருகினார். நீண்ட நேரம் சுற்றியது. அப்பா மகளின் முழங்கையைப் பற்றிக்கொண்டார். திரையில் சாம்பல் நிற வட்டங்கள் ஒவ்வொன்றாக எழும்பின.

"வந்துடுச்சுக்கா! எல்லாத்தையும் பென்டிரைவ்லயும் ஏத்திடறேன். பெரியவர் வழியில மறுபடி எங்கயாவது போட்டுட்டா?"

"போட மாட்டேன்யா," என்றார் அப்பா.

மருத்துவமனையில் அவர்கள்தான் கடைசி. நிபுணர் பையை மூடியிருந்தார். மறுபடி திறந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். படங்களை மேலும் கீழும் நகர்த்தினார். ஓரிடத்தில் நிறுத்தினார். பின்னுக்குப் போனார். மீண்டும் அங்கேயே நிறுத்தினார்.

"இங்க தெரியுதே, இது சின்ன நீர்ப்பை. பிறந்ததுலேர்ந்தே இருந்திருக்கும். ஒண்ணும் பண்ணாது. கட்டி கிட்டி எதுவும் இல்ல. தலைசுத்தல் காதுலேர்ந்து வருது, அதுக்கு மாத்திரை போதும்."

அப்பா நாற்காலி நுனிக்கு நகர்ந்தார்.

"டாக்டர், அந்தக் கட்டி இல்லன்னு சொன்னீங்களே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க."

"கட்டி இல்லைங்க."

"சரி," என்றார் அப்பா. பிறகு மகளைத் திரும்பிப் பார்த்து, "உக்காரேன்மா, ஏன் நிக்கிறே?" என்றார்.